கிளினிக் கொப்பியைக் கணினியில் ஏற்றிய கதை

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். எங்கள் கிளினிக்கில் மாதாமாதம் மருந்தெடுக்கும் சீனி வருத்தக்காரர், பிரஷர்காரர் எல்லோருடைய விபரத்தையும் கணினியில் ஏற்றுவது என்று முடிவானபோது பதிவு மேசை என்னிடம் வந்தது. இப்போது வேறு வைத்தியசாலைகளில் இதைத் தொடங்கப் போகிறவர்கள் போன் எடுத்துக் கேட்கிறார்கள். எந்த மென்பொருள், எத்தனை கணினி, ரவுட்டருக்கு எந்த நெற்வேர்க் நல்லது என்றுதான் கேள்வி வரும். அதெல்லாம் ஒருவிதமாக வந்து சேர்ந்துவிடும். எங்கள் நேரத்தில் பாதியைத் தின்றது வேறொரு கேள்வி: முன்னால் நிற்கிற இந்த ஆள் ஏற்கெனவே கணினிக்குள் இருக்கிற ஆளா, இல்லையா?

முதலில் பழைய முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிளினிக்குக்கு வருகிறவர் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, பழைய கலண்டர் தாளால் உறை போட்டு, ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வருவார். பிரஷர், சீனி அளவு, கொடுத்த மருந்து எல்லாம் திகதி வாரியாக அதில் இருக்கும். டொக்டர் இரண்டு பக்கம் புரட்டினால் ஒரு வருடம் தெரிந்துவிடும். எங்கள் கணினித் திரை இன்றைக்கும் அவ்வளவு வேகமாகக் காட்டுவதில்லை. ஆனால் கொப்பி நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும். வைத்தியசாலையில் மிஞ்சுவது பதிவேட்டில் ஒரு வரி. மூன்று மாதமாக வராமல் இருப்பவர்கள் யார் என்று கேட்டால் எங்களிடம் பதில் இருக்காது. கொப்பி தொலைந்தால் அந்த ஆளின் பத்து வருடமும் அதோடு போச்சு.

கணினியில் பதியும்போது ஒவ்வொருவருக்கும் 11 இலக்கத்தில் ஒரு தனிப்பட்ட சுகாதார இலக்கம் கிடைக்கிறது. முதல் நான்கு இலக்கங்கள் அது வழங்கப்பட்ட இடத்தைக் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கு. இடையில் ஓர் எண்ணைப் பிழையாகத் தட்டினால் கடைசி இலக்கம் ஒத்துவராது, கணினி ஏற்காது. அந்த இலக்கத்தைப் பார்கோட்டாக அச்சடித்துக் கொப்பி மட்டையில் ஒட்டிவிடுவோம். அடுத்த முறை ஸ்கானரைக் காட்டினால் போதும். கேட்க அழகாக இருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கம் கொடுத்துவிட்டால் எந்தச் சரிபார்ப்பு இலக்கமும் காப்பாற்றாது. சீனி கிளினிக்கில் ஒன்று, பல்லுக்கு வந்த அன்று இன்னொன்று. இரண்டும் செல்லுபடியானவை, இரண்டிலும் பாதிப் பாதி வரலாறு.

அடையாள அட்டை இலக்கத்தைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும். 2016 இல் இருந்து வருகிற அட்டையில் 12 இலக்கம். அட்டையை மாற்றியவருக்கு அதே இலக்கம்தான் நீண்டு வருகிறது: முன்னால் 19 சேரும், பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சியம் நுழையும், எழுத்து போய்விடும். மனிதக் கண்ணுக்கு ஒரே இலக்கம். கணினிக்கு இரண்டு வேறு ஆட்கள். போன மாதம் பழைய அட்டையோடு வந்த அம்மா இந்த மாதம் புதிய அட்டையோடு வந்தால் புதிய நோயாளியாகிவிடுவார். இதைப் பிடித்த பிறகு பழைய இலக்கத்தோடு வந்தவர்களையும் 12 இலக்கத்துக்கு மாற்றித்தான் தட்டுவது என்று மேசையில் ஒரு தாள் ஒட்டி வைத்தோம். மென்பொருள் தானாகச் செய்ய வேண்டிய வேலை இது. கேட்டு எழுதினோம், வந்தபோது வந்தது.

இன்னொரு சின்ன விசயம். அட்டையின் இலக்கத்திலேயே பிறந்த நாள் ஒளிந்திருக்கிறது. வருடத்துக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு. இது தெரியாமல் செய்த மென்பொருள், 1962 மார்ச் 1 இல் பிறந்தவரை மார்ச் 2 இல் பிறந்தவர் ஆக்கிவிடும். ஒரு நாளால் ஒருவருக்கும் சீனி கூடப்போவதில்லைத்தான். ஆனால் பெயரையும் பிறந்த திகதியையும் சேர்த்துத் தேடும்போது அந்த ஒரு நாளால் ஆள் கிடைக்காமல் போவார், புதிதாக ஒரு இலக்கம் பிறக்கும்.

பெயருக்கு வருவோம். தர்சினி என்ற பெயரை எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ரி.எச்.சில் தொடங்குவார்கள், டி.யில் தொடங்குவார்கள், டி.எச்.சில் தொடங்குவார்கள். நடுவில் எஸ் மட்டும் போடுபவரும் உண்டு, எஸ்.எச். போடுபவரும் உண்டு. கடைசியில் ஐ அல்லது வை. இந்த ஒரு பெயருக்கே பன்னிரண்டு விதம். பதிவு ஆங்கிலத்தில்தான் நடந்தது என்பதால் எல்லா விதமும் வந்து சேர்ந்தது. அதற்கு மேல் முதலெழுத்து. கலியாணத்துக்கு முன் தகப்பனின் எழுத்து, பிறகு புருசனின் எழுத்து, அடையாள அட்டையில் இன்னும் பழைய எழுத்து. நாங்கள் கண்டுபிடித்த வழி, அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே தட்டுவது. வாயால் சொல்வதைத் தட்டுவதில்லை. தேடும்போது முழுப் பெயரைத் தட்டாமல் நடுவில் மாறாத மூன்று நான்கு எழுத்தை மட்டும் தட்டுவது. அட்டை கொண்டுவராதவரை அன்றைக்குப் புதிதாகப் பதியாமல், மருந்தைக் கொடுத்து, அடுத்த முறை அட்டையோடு வரச் சொல்வது. மருந்தை மறிக்கக் கூடாது என்பதில் மட்டும் டொக்டர் கண்டிப்பாக இருந்தார்.

இதையெல்லாம் வரிசையில் நிற்பவர்களிடம் செய்ய வேண்டும். விடியப்புறம் வந்து கொப்பியை அடுக்கி இடம் பிடித்தவர்கள். “பிள்ளை, உன்ர கொப்பரைப் பள்ளிக்கூடத்தில சேர்த்த நாளிலயிருந்து என்னை இஞ்ச எல்லாருக்கும் தெரியும். நீ என்ன புதுசா பேர் கேக்கிறாய்?” என்று ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். முகவரி கேட்டால் இன்னும் சிக்கல். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமம் முழுவதும் எழும்பிப் போனது; அட்டையில் ஒரு ஊர், இருக்கிறது வேறு ஊர், காணி மூன்றாவது ஊர் என்று பலருக்கு உண்டு. ஆள் இப்போது எந்த ஜீ.எஸ். (கிராம சேவகர்) பிரிவில் படுத்தெழும்புகிறார் என்பதுதான் எங்களுக்கு வேண்டும். அதனால் ‘முகவரி என்ன’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘உங்கட ஜீ.எஸ். ஆர்’ என்று கேட்கத் தொடங்கினோம். ஜே என்று தொடங்கும் பிரிவு இலக்கம் உடனே வந்தது. நிவாரணம், வாக்காளர் பதிவு எல்லாவற்றுக்கும் ஓடித் திரிந்த சனத்துக்கு அந்த இலக்கம் மனப்பாடம்.

சீனி அளவு பற்றி ஒரு பாடம் எல்லா இடத்துக்கும் பொருந்தும், ஆனால் யாழ்ப்பாணத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். இங்கே ஆய்வுகூடங்கள் டெசிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன. கனடாவில் இருந்து மகன் அனுப்பிய மெஷின் லீற்றருக்கு எத்தனை மில்லிமோல் என்று காட்டும். இங்கே 140 என்றால் அங்கே 7.8. பதினெட்டால் பெருக்க வேண்டும். பிரான்சில் இருந்து வந்து நின்ற ஒருவரின் ஆய்வுகூடத் தாளில் 1.40, அது லீற்றருக்கு கிராம். கொப்பியில் 7.8 என்று எழுதியிருந்தால் டொக்டர் பார்த்துச் சிரித்துவிட்டு விளங்கிக்கொள்வார். கணினி சிரிக்காது. 7.8 மில்லிகிராம் என்று வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு மாதச் சராசரியில் அதையும் சேர்க்கும். இருபதுக்குக் குறைந்த எண்ணைத் தட்டினால் ‘மெஷின் எங்கிருந்து வந்தது’ என்று நோயாளியிடம் கேட்பது எங்கள் தாதியர்களுக்கு இப்போது பழகிவிட்டது.

கரண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டின காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். அதனால் தொடக்கத்திலேயே கடதாசிப் படிவமும், இலக்கம் அச்சடித்த ஸ்டிக்கர் கட்டொன்றும் ஆயத்தமாக வைத்தோம். கரண்ட் போனால் ஸ்டிக்கரைக் கொப்பியில் ஒன்று, படிவத்தில் ஒன்று ஒட்டி எழுதுவோம், பின்னேரம் ஏற்றுவோம். அன்றன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று வைத்த படிவம் பிறகு மேசை லாச்சிக்குள்தான் கிடக்கும்.

யார் பார்க்கலாம் என்ற விசயத்துக்கு நான் கொஞ்சம் கூடுதலாகவே சண்டை பிடித்திருக்கிறேன். காலையில் ஒருவர் தன்னுடைய பாஸ்வேர்டால் திறந்துவிட்டால் மாலை வரை எல்லோரும் அதிலேயே வேலை செய்வது வசதி. ஆனால் மருந்தை யார் மாற்றினார், யாருடைய விபரத்தை யார் திறந்து பார்த்தார் என்பது எல்லாம் அந்த ஒரு பெயரில் விழும். ஊர் சின்னது. ஒருநாள் தெரிந்த அன்ரி ஒருவர் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, “அந்தப் பொடியன்ர தாய்க்குச் சீனி இருக்கோ எண்டு ஒருக்கா தட்டிப் பாத்துச் சொல்லு, சம்பந்தம் பேசப் போறம்” என்றார். முன்பு அதற்கு யாரோ ஒருவரின் கொப்பி கையில் வேண்டும். இப்போது பெயர் தெரிந்தால் போதும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் சுகாதார விபரத்தை விசேட கவனத்துக்குரிய தரவு என்று வைத்திருக்கிறது. அந்த அன்ரியிடம் சட்டம் பேசவில்லை. ஒவ்வொரு தேடலும் என் பெயரோடு பதிவாகும், என் வேலை போய்விடும் என்றேன். அது உடனே விளங்கியது. அதற்குப் பிறகு ஆளுக்கொரு பாஸ்வேர்ட் என்பதைத் தாதியர்களும் ஏற்றுக்கொண்டார்கள். திரையை வரிசைக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தோம். ‘சீனியோ பிரஷரோ’ என்று சத்தமாகக் கேட்பதை நிறுத்துவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது; இன்னும் முழுதாக நிற்கவில்லை.

இவ்வளவும் செய்து கிடைத்தது என்ன? மருந்தாளர், அடுத்த மூன்று மாதத்துக்குச் சீனிக்கான மெட்ஃபோர்மின் குளிசை எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்காமல் எண்ணிக் கேட்கிறார். எச்.எல்.சி. என்ற ஆரோக்கிய வாழ்க்கைமுறை கிளினிக்கில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்துச் சீனி கூட என்று அனுப்பினால், அவர் எங்களிடம் வந்தாரா என்று பார்க்க முடிகிறது. கிளினிக்கைத் தவறவிட்டவர்களின் பட்டியல் வருகிறது. முதல் பட்டியலைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுத்தபோது அவர் பேனையை எடுத்து அங்கேயே கீறத் தொடங்கினார்: இவர் செத்துப் போனார், இவர் மகளோடு லண்டன், இவர் தனியாரிடம் மருந்தெடுக்கிறார். மிஞ்சிய பெயர்கள்தான் உண்மையாக மருந்தை விட்டவர்கள். பிரஷர் குறைந்துவிட்டது என்று தாங்களாகவே நிறுத்தியவர்கள் அதில் அதிகம்.

மேல் வைத்தியசாலைக்கு அனுப்பும் நோயாளியின் விபரம் எங்கள் கணினியில் இருந்து அங்கே போவதில்லை. அதனால் கடைசி ஆறு மாத அளவுகளையும் மருந்துகளையும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொப்பியில் ஒட்டி அனுப்புகிறோம். திரும்பி வரும்போது அங்கே எழுதியதை நான் பார்த்துத் தட்டுகிறேன். டொக்டர்மாரின் கையெழுத்து விளங்காத இடங்களில் மருந்தாளரைக் கூப்பிடுகிறேன்.