தித்திக்கும் மாம்பழம்

லண்டனில் ஒரு சின்ன அச்சகத்தில் டிசைன் வேலை செய்கிறேன். 2019 தொடக்கத்தில், கடை வைத்திருக்கும் எங்களூர் அண்ணை ஒருவர் வேப் எனும் மின்சிகரெட்டுக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார். மாம்பழத் துண்டுகள், மேலே "தித்திக்கும் மாம்பழம்", கீழே நிக்கோட்டின் இருக்கிறது என்று ஒரு வரி. கட்டுகளைக் காரில் ஏற்றும்போது, "தங்கச்சி, உதை இன்ஸ்டகிராமுக்கும் செய்து தாரும்" என்றார்.

நோட்டீஸில் பிழையில்லை. 2016 மே 20இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த சட்டம் பத்திரிகை, தொலைக்காட்சி, வானொலி, இணையம் ஆகியவற்றில்தான் நிக்கோட்டின் வேப் விளம்பரத்தைத் தடுத்தது. சுவரொட்டி, நோட்டீஸ், சினிமா, பஸ்ஸின் பக்கவாட்டு எல்லாம் தப்பிவிட்டன. விளம்பரத் துறையும் 2017இல் தன் விதிகளை அதற்கேற்ப மாற்றியது: கடையின் சொந்த இணையதளத்தில் தகவல் மட்டும் போடலாம். வில்லங்கமே அந்தத் 'தகவல்' என்ற சொல்லில்தான். மாம்பழச் சுவை, நிக்கோட்டின் அளவு, விலை என்றால் தகவல். முன்னால் "தித்திக்கும்" வந்தால் விளம்பரம்.

அந்த ஒரு சொல்லையும் மாம்பழத் துண்டுகளையும் எடுத்துவிட்டுச் செய்துகொடுத்தேன். சொந்தக் கணக்கும் சொந்த இணையதளம் மாதிரித்தானே என்று நம்பினேன். அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தின் 'வைப்' (Vype) என்ற வேப் பிராண்டின் இன்ஸ்டகிராம் கணக்கு பற்றி விளம்பரத் தர ஆணையத்தின் தீர்ப்பு வந்தது. பொது இன்ஸ்டகிராம் கணக்கு இணையதளம் போன்றதல்ல, பின்தொடராதவர்கள் கண்ணிலும் அது போய் விழும், ஆகவே அங்கே தகவலும் கூடாது. வாசித்த கையோடு அண்ணைக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன்.

"தெருவில குடுக்கலாம், போனில போட ஏலாதோ?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தீர்ப்பு சரியானது. ஆனால் கேட்காதவர் கண்ணில் விழுவதுதான் குற்றமென்றால், என் மகள் பள்ளிக்கூடம் போக நிற்கும் பஸ் தரிப்பிடத்துச் சுவரொட்டி அதைவிடப் பெரிய குற்றம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. சுவரொட்டியை ஸ்க்ரோல் செய்து தள்ளிவிட அவளால் முடியாது.

2024 நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்த புகையிலை, வேப் சட்டமூலம் வேப் விளம்பரத்தை முழுவதுமாக நிறுத்தக் கேட்டது. அன்று மனதார மகிழ்ந்தேன். நோட்டீஸ் ஓர்டர்கள் போகும்தான். போகட்டும்.