டிமார்ட்டின் விலை எங்கே குறைகிறது?

சூப்பர் மார்க்கெட் போட்டி என்றதும் பலருக்கும் ஆஃபர் போர்டுதான் கண்ணில் படுகிறது. எதிர்க்கடையில் துவரம் பருப்பு கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைந்தால் இங்கே நான்கு ரூபாய் குறைக்கிறார்கள். சில மாதம் கழித்து டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுத்த செக் திரும்பி வருகிறது. ஊருக்குள் டிமார்ட் வந்ததும் பதறிப்போய் விலையைக் குறைக்கும் கடைகள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன. டிமார்ட்டில் விலை குறைவது கடைசியில் நடக்கும் வேலை. அதற்கு முந்தைய வேலைகளைச் செய்யாத கடைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

முதலில் கொள்முதல். இந்தத் தொழிலில் கம்பெனிகளுக்குப் பணம் கொடுக்க மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை இழுப்பது சாதாரணம். டிமார்ட் ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொடுத்துவிடுகிறது. அங்கே 2004-ல் சேர்ந்து நீண்ட காலம் தலைமை நிர்வாகியாக இருந்த நெவில் நொரோனா, இந்துஸ்தான் யூனிலீவரிலிருந்து வந்தவர். பணம் தாமதமானால் சரக்கு அனுப்புபவருக்கு எங்கே வலிக்கும் என்பது அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரியும்.

இதை ஒரு பில்லில் வைத்துப் பார்ப்போம். ஒரு லட்ச ரூபாய் சரக்கு, 40 நாள் கடன். பத்தாம் நாளே பணம் கொடுத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் 2 சதவீதம் தள்ளுபடி தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய் மிச்சம். அந்த 98,000 ரூபாயை வங்கி ஓவர்டிராஃப்டில் 12 சதவீத வட்டிக்கு எடுத்துக் கொடுத்தால்கூட, 30 நாளுக்கு வட்டி 980 ரூபாய்தான். பில்லுக்கு 1,020 ரூபாய் கையில் நிற்கிறது. மாதம் இருபது பில் என்றால் இருபதாயிரத்துக்கு மேல். இந்தப் பணத்திலிருந்துதான் பருப்பின் விலையைக் குறைக்க வேண்டும், மார்ஜினை, அதாவது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை, கடித்து அல்ல.

தள்ளுபடியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. தீபாவளிக்கு முன்னால் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வரும்போது, கோடவுனில் இருக்கும் கடைசி ஐம்பது பெட்டி யாருக்குப் போகும்? பாக்கி வைக்காதவருக்குத்தான். கூட்டம் வரும் நாளில் ரேக் காலியாக இருக்கும் கடைக்கு எந்த ஆஃபரும் உதவாது.

ஆனால் சீக்கிரம் பணம் கொடுப்பது, சரக்கு சீக்கிரம் விற்றால்தான் தாங்கும். டிமார்ட்டில் சரக்கு சராசரியாக ஒரு மாதம்போலத்தான் தங்குகிறது. மொத்த மார்ஜின் விற்பனையில் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும்; வாங்கிய விலையில் பார்த்தால் ஏறக்குறைய 18 சதவீதம். இதைக் குறைவான லாபம் என்று சொல்பவர்கள் சுழற்சியைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு லட்சம் முதல் போட்டு, வாங்கிய விலைக்கு மேல் 18 சதவீதம் வைத்து விற்கிறீர்கள், 30 நாளில் சரக்கு தீருகிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு சுற்று, மொத்த லாபம் 2,16,000. பக்கத்துக் கடை 25 சதவீதம் வைக்கிறது, ஆனால் சரக்கு 75 நாள் கிடக்கிறது. ஐந்து சுற்றுக்கும் குறைவு, லாபம் ஏறக்குறைய 1,22,000. விலை கூட்டி விற்ற கடைக்குத்தான் பணம் குறைவு. கிடக்கும் சரக்கில் காலாவதியும் எலிக்கடியும் டேமேஜும் தனி.

அடுத்தது இடம். டிமார்ட் பெரும்பாலான கடைகளைச் சொந்தக் கட்டடத்தில் வைக்கிறது, அல்லது மிக நீண்ட குத்தகையில். விற்பனையில் 5 சதவீதம் வாடகைக்குப் போனால், 15 சதவீத மார்ஜினில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே முடிந்தது. சொந்த இடத்துக்கு விலையும் உண்டு: வளர்ச்சி மெதுவாகும். டிமார்ட்டைத் தொடங்கிய ராதாகிஷன் தமானி மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்தது 2002-ல். பங்குச் சந்தைக்கு வந்த 2017 மார்ச்சில் கடைகள் 130 அளவில்தான் இருந்தன. 2025 மார்ச் முடிவில் 415.

வாடகை இடத்தில் வேகமாகப் பரவியவர்களுக்கு என்ன ஆயிற்று? பிக் பஜாரை நடத்திய ஃபியூச்சர் குழுமம் வாடகை பாக்கியில் திணறியபோது, நூற்றுக்கணக்கான கடைகளின் குத்தகை ரிலையன்ஸ் பெயருக்கு மாறியது. 2022 பிப்ரவரியில் ரிலையன்ஸ் அந்தக் கடைகளைத் தன் கைக்குள் எடுக்கத் தொடங்கியது. பெயரும் ஊழியரும் வாடிக்கையாளரும் இருந்தும், நிற்க இடம் போய்விட்டது. அதற்கு முன்பே சென்னைக்காரர்கள் கண்ணால் பார்த்தது சுபிக்ஷா. 1997-ல் இங்கே தொடங்கி, ஏசி இல்லாத சின்னக் கடை, குறைந்த விலை என்று நன்றாக வேரூன்றிய நிறுவனம். தமிழ்நாட்டைத் தாண்டிய பிறகு சில ஆண்டுகளிலேயே 1,600 கடைகள் அளவுக்குப் போனது, பெரும்பாலும் கடனில். கைப்பணம் தீர்ந்ததும் சம்பளம் நின்றது, வாடகை நின்றது, சரக்கு நின்றது. 2009 தொடக்கத்தில் ஷட்டர்கள் இறங்கின. அத்தனை பேரின் வேலை அப்படிப் போனது இன்றைக்கும் மனதைப் பிசைகிறது. மக்களுக்குப் பிடித்த கடைதான் அது.

டிமார்ட் உள்ளே போனால் இன்னொரு கணக்கு. விற்பனையில் பாதிக்கு மேல் உணவுப் பொருள், அதில் லாபம் மெலிசு. அரிசி, பருப்புக்காக வந்தவர் போகிற வழியில் பிளாஸ்டிக் டப்பா, பெட்ஷீட், குழந்தைக்கு டிராயர் எடுத்துப் போடுகிறார். மார்ஜின் அங்கேதான் தடிப்பம். கொரோனாவுக்கு முன் இந்தப் பகுதி விற்பனையில் கால் பங்குக்கு மேல் இருந்தது, பிறகு சில சதவீதம் இறங்கியது. துணி, பாத்திரம் விற்கிற இடம் இல்லாத 1,500 சதுர அடி கடை, பருப்பு விலையில் மட்டும் டிமார்ட்டோடு மல்லுக்கட்டினால் தோற்பது நிச்சயம்.

அப்படியானால் சின்ன சூப்பர் மார்க்கெட் என்ன செய்வது? கடையில் ஆறாயிரம் ஐட்டம் இருந்தாலும் வாடிக்கையாளர் விலையை மனப்பாடமாக வைத்திருப்பது நூறு, நூற்றைம்பதுதான்: ஒரு லிட்டர் எண்ணெய், சர்க்கரை, துவரை, உளுந்து, வழக்கமான சோப்புத்தூள், டீத்தூள். அவற்றை மட்டும் டிமார்ட் விலைக்கு ஓரிரு ரூபாய் பக்கத்தில் வையுங்கள். எம்ஆர்பியில் தள்ளுபடியை எல்லாவற்றுக்கும் பரப்ப வேண்டாம். பில்லிங் கம்ப்யூட்டரில் 60 நாளாக அசையாத ஐட்டங்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுங்கள். கம்பெனி திரும்ப எடுக்குமா என்று கேளுங்கள்; எடுக்காவிட்டால் வாங்கிய விலைக்கே தள்ளிவிடுங்கள். 'பத்து பெட்டி எடுத்தால் ஒன்று இலவசம்' என்ற ஸ்கீமில் பலர் விழுவது, இரண்டு பெட்டி மட்டும் விற்கும் பிஸ்கட்டுக்கு. மீதி எட்டு பெட்டியில் பணம் முடங்கி, வெள்ளிக்கிழமை எண்ணெய்க்காரருக்குக் கொடுக்க இல்லாமல் போகிறது. புது சரக்கை ரேக்கின் முன்னால் அடுக்கும் பையனுக்கு, காலாவதி தேதி முந்தியது முன்னால், பிந்தியது பின்னால் என்று கையைப் பிடித்துக் காட்டித்தான் பழக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரும் மாற்றித்தான் அடுக்குவார்கள்.

டிமார்ட்டுக்கும் இப்போது ஒரு பக்கம் நெருக்கடி. பிளிங்கிட், ஜெப்டோ, இன்ஸ்டாமார்ட் ஆகிய டெலிவரி ஆப்கள் சில நிமிடங்களில் வீட்டு வாசலில் நிற்கின்றன. பெருநகரங்களில் விற்பனை அதிகமுள்ள கடைகளில் இதன் பாதிப்பு தெரிகிறது என்று 2024 அக்டோபரில் நிறுவனமே சொன்னது. அடுத்து சந்தை திறந்த நாளிலேயே பங்கு விலை சரிந்தது. மாதச் சாமான் பட்டியலில் இன்னும் டிமார்ட்டை அவர்கள் அசைக்கவில்லை என்பது என் கணிப்பு. ஐந்து கிலோ அரிசியும் மூன்று லிட்டர் எண்ணெயும் எடுப்பவர் விலை பார்க்கிறார். டெலிவரி ஆப்கள் பறிப்பது இடையில் தீர்ந்துபோகும் பால், தயிர், கொத்தமல்லி, ஷாம்பு வாங்க நடக்கும் நடையை. அந்த நடை நின்றால் டப்பாவும் பெட்ஷீட்டும் கூடையில் விழாது. தெருமுனைக் கடைக்கும் இதே அடிதான், ஆனால் அதற்கு ஒரு வசதி இருக்கிறது: அரைக் கிலோமீட்டருக்குள் சைக்கிளில் ஒரு பையன், வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல், தனியாக ஒரு கிடங்குக்கு வாடகை கிடையாது.