விசா முடிந்த கணவருக்கு கிரீன் கார்டு: எங்கே மாட்டினோம், எப்படி வெளியே வந்தோம்

விசா முடிந்து அமெரிக்காவிலேயே தங்கிவிட்ட கணவரையோ மனைவியையோ, "ஊருக்குப் போய் புது விசாவில் வந்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் அனுப்பிவிடாதீர்கள். எங்களுக்குப் படிவம் நிரப்பித் தர வந்த ஏஜென்ட் இதைத்தான் சொன்னார். டிக்கெட் விலை பார்க்கும் வரை போய்விட்டோம். 1996-ல் வந்த சட்டப்படி, 180 நாளுக்கு மேல் அனுமதியில்லாமல் தங்கியவர் வெளியேறினால் 3 வருடம், ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம் திரும்ப வர முடியாது. இங்கேயே இருக்கும்வரை அந்தத் தடை விழாது. விமானம் ஏறினால் விழுந்துவிடும். நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

துணை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராக இருந்து, நீங்கள் விசாவோடு முறையாக உள்ளே வந்திருந்தால், ஓவர்ஸ்டேயும் (அனுமதித்த காலம் தாண்டித் தங்கியதும்) அனுமதியில்லாத வேலையும் தடையாகாது. உறவை நிரூபிக்கும் மனுவான ஐ-130, கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 இரண்டையும் இங்கிருந்தே ஒன்றாகப் போடலாம். துணையிடம் கிரீன் கார்டு மட்டும் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

ஆக, "முறையாக வந்தார்" என்பதற்கு ஆதாரம் வேண்டும். எங்களிடம் அதுதான் இல்லை. என் கணவர் வந்தது 2011-ல். அப்போது பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தரும் வெள்ளை அட்டைதான் ஐ-94, அதாவது வருகைப் பதிவு. வீடு மாறியபோது பாஸ்போர்ட்டோடு அதுவும் தொலைந்தது. 2013-க்குப் பிறகு விமானத்தில் வந்தவர்கள் இணையத்திலேயே ஐ-94 எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அங்கே ஒன்றும் வரவில்லை. எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு ஃபோயா (தகவல் அறியும் சட்ட) மனு போட்டோம். பல வாரம் காத்திருந்த பிறகு வந்த பதில்: இந்தப் பெயரில் பதிவு எதுவும் இல்லை.

தப்பு எங்கள் மனுவில்தான் இருந்தது. நம் ஊர் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும்; கிவன் நேம் இடத்தில் "எஃப்.என்.யு" என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். புது பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் சர்நேமாக ஏறியிருந்தது. அந்தப் பெயரில் தேடினால் 2011-ல் வந்தவர் எப்படிக் கிடைப்பார்? பழைய பாஸ்போர்ட் எண்ணுக்கு எங்கும் அலைய வேண்டாம், புது பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த எண், எஃப்.என்.யு. சேர்த்த பெயர், வந்த தேதி, இறங்கிய விமான நிலையம் எல்லாம் கொடுத்து மறுபடி போட்டோம். வருகைப் பதிவு வந்துவிட்டது! அன்று இருவரும் அழுதுவிட்டோம்.

அடுத்த அடி பணத்தில். ஐ-130-க்கு 675 டாலர், ஐ-485-க்கு 1,440, வேலை அனுமதிக்கான ஐ-765-க்கு 260. கூட்டி 2,375 என்று ஒரே தொகையாக அனுப்பினோம். கட்டு முழுவதும் திரும்பி வந்தது. ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். படிவத்தின் அடியில் இருக்கும் பதிப்புத் தேதியையும் அனுப்பும் நாளன்று சரிபாருங்கள்.

பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். பழைய தமிழ்நாட்டுச் சான்றிதழ்கள் பலவற்றில் அப்பா அம்மா பெயர் இருக்கும், குழந்தை பெயர் இருக்காது. பெயர் சேர்க்க மாமியார் மூன்று நடை நடந்தார். ஒரு நடை பள்ளி டி.சி.யின் அசல் கொண்டுபோகாததால் வீண். தமிழில் உள்ள சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்போடு, அது முழுமையானது, சரியானது, தனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட வாசகமும் வேண்டும். நோட்டரி தேவையில்லை.

ஐ-864 என்பது குடியுரிமை உள்ள துணை ஸ்பான்சராகத் தரும் பொருளாதாரப் பொறுப்பு உறுதிமொழி; அதில் காட்டும் வருமானம் வறுமைக்கோட்டின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2025 கணக்கில் அது 26,437 டாலராக இருந்தது. கிரீன் கார்டு கேட்பவர் அனுமதியில்லாமல் சம்பாதித்தது இதில் சேராது. குறைந்தால் இன்னொருவரை ஸ்பான்சராகச் சேர்க்கலாம். மருத்துவப் பரிசோதனை ஐ-693-ஐ 2024 டிசம்பர் முதல் ஐ-485-உடனேயே வைக்க வேண்டும். டாக்டர் ஒட்டித் தரும் உறையைப் பிரிக்கக் கூடாது. கைரேகை பதினைந்தே நிமிடம்.

வேலைக்குச் சேர்ந்தபோது, வேலை பார்க்கத் தகுதி உண்டு என்று காட்டும் ஐ-9 படிவத்தில் "அமெரிக்கக் குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் அடித்தவர்கள் வக்கீலைப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள். அந்த ஒரு டிக், மன்னிப்பு மனுவே இல்லாத நிரந்தரத் தடை. விண்ணப்பம் நிலுவையில் இருப்பதும் கைதிலிருந்து காப்பு அல்ல. பழைய நாடுகடத்தல் உத்தரவு இருந்தால் நேர்காணலுக்கு வக்கீல் இல்லாமல் போகவே கூடாது.

எல்லையில் சோதனை இல்லாமல் உள்ளே வந்தவர்களுக்கு இந்த வழி பொதுவாகத் திறக்காது. ஐ-130 கிடைத்த பிறகு, இங்கிருந்தபடியே ஐ-601ஏ விலக்கு மனு போட்டு, அது கிடைத்த பிறகே தூதரக நேர்காணலுக்கு வெளிநாடு போக வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள துணைக்கோ பெற்றோருக்கோ கடும் துன்பம் நேரும் என்று அதில் நிரூபிக்க வேண்டும். பலர் பிள்ளைகளைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பிள்ளைகளின் துன்பம் நேரடியாகக் கணக்கில் வராது. அது அந்தத் துணையையோ பெற்றோரையோ எப்படி நொறுக்கும் என்று எழுத வேண்டும்.

நேர்காணலன்று எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்கவில்லை. அதனால் வந்தது நிபந்தனையோடு கூடிய இரண்டு வருட கிரீன் கார்டு. அது முடியும் முன் வரும் கடைசி 90 நாளில், அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போட வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரித்தாள் எல்லாவற்றையும் அதற்காக இப்போதே ஒரு ஃபைலில் சேர்த்து வைக்கிறோம்.