மலையில் தொடங்கும் பயிற்சி

கல்வித் திட்டங்களை வகுக்கும் அலுவலர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி அளிக்கும் பணியில் சேலத்தில் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். அதன் முதல் நாளை அரங்கில் அல்லாமல், சேர்வராயன் மலையில் உள்ள ஓர் ஊரில் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு.

மலையாளிப் பழங்குடியினர் வாழும் அப்பகுதியில் ஒரு பள்ளி பள்ளிக் கல்வித் துறையின் கீழும், மற்றொன்று அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியாகப் பழங்குடியினர் நலத் துறையின் கீழும் இயங்குகின்றன; பாடநூல் ஒன்றுதான், ஆனால் நிர்வாகக் கோப்புகள் வெவ்வேறு அலுவலகங்களில் நகர்கின்றன. இவ்விரு துறையினரையும் ஒன்றாக அமர்த்தி, காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோருடன் தோட்டத்துக்குச் சென்றுவிடும் பிள்ளைகளைப் பற்றிப் பேசவைக்க அரசாணை மட்டும் போதாது. தமக்கு அதிகாரமில்லாத இடத்திலும் பிறரை இணங்கவைக்கும் திறன் வேண்டும்.

புள்ளிவிவரம் படிப்பதை எளிதில் கற்பித்துவிடலாம். கேட்பதைக் கற்பிப்பதுதான் கடினம். பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆயினும், நான் கண்ட கூட்டங்களில் பெரும்பாலும் அலுவலர்களே பேசினர் என்பது எனக்கு வருத்தம். ஆகவே, பயிற்சிக்கு வருவோர் முதல் ஒரு மணி நேரம் குறிப்பேட்டுடன் அமைதியாக இருக்க வேண்டும் என்பதை விதியாக்கினேன். அண்மையில் ஒரு தாய், மழைக்காலத்தில் வழியிலுள்ள ஓடை பெருகுவதால்தான் மகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்றார். வருகைப் பதிவேட்டில் அது வெறும் விடுப்பாகவே பதிவாகியிருந்தது. அன்று மாலையே இளம் அலுவலர் ஒருவர், தாம் எழுதியிருந்த பரிந்துரையின் முதல் பக்கத்தை அடித்துவிட்டு, சிறு பாலம் ஒன்றுக்காக ஊரக வளர்ச்சித் துறையை எவ்வாறு அணுகுவது என்று எழுதத் தொடங்கினார்.