அந்த பஃபர் எந்த வகை நினைவகம்? ஒரு டிரைவரில் நான் கற்றுக்கொண்டது

லினக்ஸ் கர்னலுக்காக (இயங்குதளத்தின் மையப் பகுதி) நான் எழுதிய ஒரு டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் நிரல், புதிதாக பூட் செய்த இயந்திரத்தில் ஒழுங்காக ஓடும். சில மணி நேரம் போனால், சாதனம் அனுப்ப வேண்டிய 64 கே.பி. தரவு முழுக்கப் பூஜ்யமாக இருக்கும். மறுபடி பூட் செய்தால் சரியாகிவிடும். சாதனத்தின் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் அதிலேயே போனது.

பூட் ஆனதிலிருந்து கர்னல் லாக்கைத் தனிக் கோப்பில் சேமித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. விமாலக் என்ற வழியில் வாங்கிய நினைவகத்துக்கு டி.எம்.ஏ. (சாதனமே நேரடியாக நினைவகத்தை அணுகுவது) மேப் செய்ய, அதாவது சாதனத்துக்கான முகவரி தர, முடியாது என்று கர்னல் தெளிவாகவே எச்சரித்திருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை ஒரு பூட்டுக்கு ஒரு முறைதான் வரும். என் டிரைவர் கொட்டிய செய்திகளில் அது அடித்துக்கொண்டு போயிருந்தது.

சாதனத்தின் தரவு வந்து விழும் நினைவக இடமான பஃபரை நான் கேவிமாலக் வகைச் சார்பால், பூஜ்யம் நிரப்பி வாங்கியிருந்தேன். அது முதலில் கேமாலக் என்ற இன்னொரு ஒதுக்கீட்டுச் சார்பிடம் போய், பௌதிக நினைவகத்தில் தொடர்ச்சியான இடம் கேட்கும். கிடைக்காவிட்டால் பெரிதாக மெனக்கெடாமல் விமாலக்குக்குப் போய்விடும். அங்கே சிதறிக் கிடக்கும் பக்கங்கள் (4096 பைட் துண்டுகள்), செயலி முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்றும் பக்க அட்டவணையின் தயவில் தொடர்ச்சியாகத் தெரியும். பூட் ஆன புதிதில் நினைவகம் துண்டுபடாமல் இருக்கும், அதனால் முதல் வழியே போதும். நேரம் ஆக ஆகத்தான் சிக்கல். செயலிக்கு இரண்டும் ஒன்றுதான், சாதனத்துக்கு அப்படி இல்லை. கேமாலக் முகவரியில் ஒரு மாறா எண்ணைக் கழித்தால் பௌதிக முகவரி கிடைத்துவிடும்; இந்தப் பரப்புக்குத்தான் நேரடி மேப் என்று பெயர். விமாலக் முகவரியில் அதே கழித்தலைச் செய்தால் சம்பந்தமே இல்லாத ஓர் எண்தான் வரும். அதனால்தான் கர்னல் மறுத்தது. மேப்பிங் பிழையா என்று பார்க்காமல், எல்லா பிட்டும் 1 ஆன அந்தப் பிழை மதிப்பையே முகவரி என்று சாதனத்திடம் கொடுத்தது என் தவறு.

சரி, திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். முகவரியை அச்சிட்டுப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. கர்னலின் 4.15 பதிப்பிலிருந்து சாதாரணக் குறியில் பாயின்டரை (முகவரியை) அச்சிட்டால், உண்மையை மறைக்க ஹாஷ் செய்து மாற்றிய எண்தான் வரும். உண்மை முகவரி வேண்டுமென்றால் அதற்கான தனிக் குறியைப் போட வேண்டும். இன்னொரு வேலையும் செய்தேன்: சோதனைக்காக ஒதுக்கீட்டை நேரடியாக விமாலக்குக்கு மாற்றினேன். மணிக்கணக்கில் காத்திருந்த பிழை, முதல் அழைப்பிலேயே வந்து நின்றது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அப்புறம் முகவரி விமாலக் பரப்பில் உள்ளதா என்று பார்க்கும் 'இஸ் விமாலக் அட்ரஸ்' சோதனையைப் போட்டு, ஆமென்றால் பஃபரைப் பக்கம் பக்கமாக மேப் செய்து சாதனத்திடம் கொடுத்தேன். அதிலும் ஒரு தடுக்கல். தரவு, பஃபரின் தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளி ஆரம்பித்தது. நான் முதல் துண்டையே 4096 பைட்டாக எடுத்ததால், கடைசி 16 பைட் அடுத்த பக்கத்துக்குள் நீண்டது. முதல் துண்டு 4080 ஆக இருந்திருக்க வேண்டும்.

இல்லையென்றால் கேமாலக் என்று நான் எடுத்துக்கொண்டதும் நிலைக்கவில்லை. வேறொரு அழைப்பு, மாட்யூலுக்குள் (ஓடும் கர்னலில் தனியாக ஏற்றும் நிரல் துண்டு) இருந்த நிலையான அணி ஒன்றைப் பஃபராகக் கொடுத்தது. அது விமாலக் பரப்பிலும் இல்லை, நேரடி மேப்பிலும் இல்லை. எக்ஸ்86-64இல் அதே டிரைவரைக் கர்னலோடு சேர்த்துக் கட்டினால் நேரடி மேப்புக்கு முகவரி செல்லுமா என்று பார்க்கும் 'வெர்ட் அட்ரஸ் வேலிட்' சோதனை சரி என்கிறது, மாட்யூலாக ஏற்றினால் இல்லை என்கிறது! ஸ்டாக்கில் (சார்புகளின் தற்காலிக மாறிகள் இருக்கும் இடம்) இருந்த பஃபர் இன்னும் மோசம். 4.9 முதல் எக்ஸ்86-64இல் ஸ்டாக்கையே விமாலக் பரப்பில் வைக்க முடியும் என்பதால், என் சோதனை அதை நல்ல பஃபர் என்று உள்ளே விட்டுவிட்டது. எந்தப் பரப்பில் இருந்தாலும் ஸ்டாக்கில் டி.எம்.ஏ. செய்யக் கூடாது.

சிப்புகளை இணைக்கும் எஸ்.பி.ஐ. இணைப்புக்கான கர்னல் துணையமைப்பின் மேப்பிங் குறிநிரலைப் படித்தபோதுதான் ஒழுங்கான வடிவம் கிடைத்தது. விமாலக்கா என்று ஒரு கேள்வி, நேரடி மேப்பில் செல்லுபடியாகுமா என்று இன்னொரு கேள்வி, இரண்டும் இல்லையென்றால் பிழை. மூன்றாவதை ஊகிப்பதே இல்லை. நான் அதற்கும் முன்னால் ஸ்டாக் சோதனையைச் சேர்த்தேன்.

கடைசியில் பக்கம் பக்கமாகக் கொடுப்பதையே எடுத்துவிட்டேன். சாதனம் ஒரு பரிமாற்றத்துக்கு ஒரு முகவரியை மட்டுமே ஏற்கும், 64 கே.பி.க்குப் பதினேழு பரிமாற்றம் என்பது வீண். இப்போது டிரைவர் ஏறும்போதே டி.எம்.ஏ.க்கென்று ஒரு பஃபரை வாங்கி வைத்து, தரவை அதிலிருந்து நகலெடுக்கிறேன். மேப்பிங்கே தேவைப்படாததால் அந்தச் சோதனைகளும் போய்விட்டன. பல நாள் ஓடிய இயந்திரத்திலும் பூஜ்யம் நிரம்பிய பஃபர் வரவில்லை.