முதல் புத்தகம் போடுகிறவர்களுக்கு: கமாவெல்லாம் ‘இ’ ஆனால் என்ன செய்வது

எழுதும்போது ஏறாத ரத்தக்கொதிப்பு கணினியில் பக்கம் கட்டித் தரும் டி.டி.பி. கடையில் ஏறும். வேலூர், காட்பாடிப் பக்கம் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடித்துப் பழகிய கடைகளில் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துரு இன்னும் போகவில்லை. நாம் இப்போது போனிலும் கணினியிலும் புழங்கும் யூனிகோடில் கொடுத்தால், வாங்கியதும் பாமினிக்கு மாற்றிவிடுகிறார்கள். பாமினியில் கமா விசையில் உட்கார்ந்திருப்பது ‘இ’. மாற்றும்போது தவறினால் ‘அப்பா, அம்மா’ என்பது ‘அப்பாஇ அம்மா’ ஆகிவிடும். சி.எம்.சி. மருத்துவமனையைப் புள்ளியில்லாமல் ஆங்கிலத்தில் CMC என்று அடித்திருந்தால் ‘ஊஆஊ’! “நீங்க குடுத்ததே அப்படித்தான் சார்” என்று சாதித்தார் கடைக்காரர். மூல ஃபைலை அவர் எதிரிலேயே திறந்து காட்டியதும் பேச்சில்லை.

பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் காட்டும் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ வசதியை வைத்து யூனிகோடிலேயே பக்கம் கட்டத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். தெரியாதென்றால் அடுத்த கடை. மெய்ப்பைத் தாளில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அச்சுக்கான பிளேட் (தகடு) போட்ட பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த பிளேட்டுக்கு மறுபடி காசு.

அட்டை அடுத்த தலைவலி. உள்பக்கம் முடியாமல் அட்டையை முடிக்கவே கூடாது. டெமி என்கிற புத்தக அளவில் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அடித்து மடிக்கும் ஒரு கட்டு, 16 பக்கம், அரை ஃபாரம் 8. 162 பக்கத்தில் முடிந்தால் அரை ஃபாரம் நிரம்ப 168 ஆகும். அதாவது 84 தாள். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேப்லித்தோ தாளில் புத்தகத்தின் முதுகு சுமார் 8 மி.மீ. வரும். 70-க்கு இறங்கினால் அதுவும் குறையும், முதுகில் உள்ள தலைப்பு முன்னட்டைக்கு வழியும். அதே தாளில், எதுவும் அச்சடிக்காத மாதிரிப் புத்தகம் (டம்மி) ஒன்று கட்டித் தரச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். அட்டைப் படத்தை வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப் போகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். படத்தின் தெளிவு 300 டிபிஐ, வெட்டும்போது போவதற்குச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் ஓரம் (பிளீடு) வேண்டும்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். “வாங்கித் தர்றோம்” என்று காசு கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அவர்கள் தங்களையே பதிப்பாளராகப் போட்டு வாங்கினால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான், நீங்கள் இல்லை. மின்நூலுக்குத் தனி எண் வேண்டும்.

நீங்களே பதிப்பாளர் என்றால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். அச்சகத்தில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். கட்டுப் பிரிக்கும்போதே நான்கை எடுத்துத் தனியாக வையுங்கள்.