பெர்ன் நகரில் ஜூன் மாதம்

ஜூன் 5, வியாழன்

மகளின் பேறுகாலத்துக்கு மருத்துவர்கள் சொன்ன தேதி நேற்றோடு போய்விட்டது. காலை முழுவதும் நான் கூடத்தில் உட்கார்ந்து, அவள் நடப்பதையும் உட்காருவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போலும். பதினோரு மணிக்கு அவள் பொறுமையிழந்து, "அப்பா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், போய் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றாள். மாப்பிள்ளை கைபேசியில் வரைபடத்தை ஏற்றிக் கொடுத்து, திரும்பி வரும் டிராமின் பெயரை ஒரு தாளில் தமிழில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். ஆக, நான் இன்றுமுதல் சுற்றுலாப் பயணி.

முப்பத்தெட்டு ஆண்டுகள் கடிகாரம் பழுது பார்த்த எனக்கு இந்த நாடு என்பது முகப்பில் ஆறு மணி எண்ணுக்குக் கீழே, இடப்புறம் ஒரு சொல்லும் வலப்புறம் ஒரு சொல்லுமாக, லென்ஸ் வைத்தால்தான் தெரியும் 'ஸ்விஸ் மேட்' என்ற எழுத்து மட்டுமே. அதனால் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் பார்த்தது ஊரை அல்ல, நடைமேடைக் கடிகாரத்தை. 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. சிவப்பு நொடிமுள் பிற்பாடு சேர்க்கப்பட்டது. ரயிலை அனுப்புகிறவர் கையில் தூக்கிக் காட்டும் சிவப்புத் தட்டைப் போல அதன் முனை வட்டமாக இருக்கிறது. அந்த முள் ஒரு சுற்றை ஏறத்தாழ ஐம்பத்தெட்டரை நொடியில் முடித்துவிட்டு, உச்சியில் வந்து நின்றுவிடுகிறது. தலைமைக் கடிகாரத்திலிருந்து நிமிடத்துக்கான மின்துடிப்பு வந்த பிறகே நிமிடமுள் ஒரு கோடு தாவுகிறது, சிவப்பு முள்ளும் மறுபடி கிளம்புகிறது. அந்த ஒன்றரை நொடியை நான் இருபது முறையாவது பார்த்திருப்பேன். நாடு முழுவதும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு முள் வேலையை முடித்துவிட்டு ஆணைக்காக நிற்கிறது.

ஊரை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 6, வெள்ளி

காலை ஆறு மணிக்கு அவளுடைய அம்மாவின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். எச்.எம்.டி., பெண்களுக்கான சிறிய முகப்பு. இன்னும் நம் ஊர் நேரத்தில்தான் ஓடுகிறது. மூன்றரை மணி நேரம் முன்னால். நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பிந்துவதைச் சரி செய்ய எனக்கு அரைமணி நேரம் போதும், ஆனால் திறக்க மனம் வரவில்லை.

பழைய நகருக்குப் போனேன். 1405இல் மரவீடுகள் எரிந்து தீர்ந்தபின் கல்லில் கட்டிய ஊர் இது. பச்சையும் சாம்பலும் கலந்த மணற்கல், மழையில் நனைந்தால் பாசி படிந்த குளத்துப் படி போல் இருக்கிறது. கடைகளுக்கு முன்னால் வளைவு வளைவாகத் தாழ்வாரம், எல்லாம் சேர்த்து ஆறு கிலோமீட்டர் என்கிறார்கள். குடை இல்லாமலே ஒரு மழையைக் கழித்துவிடலாம். இன்று நான் கழித்தேன்.

மழை விட்டதும் வெளியே வந்தால் எதிரே தூணின் உச்சியில் ஓர் அரக்கன் உட்கார்ந்து ஒரு குழந்தையின் தலையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருக்கிறான். தோளில் தொங்கும் பையில் மற்றக் குழந்தைகள் கைகாலை உதைக்கின்றன. கீழே நீரூற்று. 16ஆம் நூற்றாண்டில் செய்து, நன்றாக வண்ணமும் பூசி, ஊர் நடுவே வைத்து, இன்றுவரை அதற்கு 'பிள்ளை தின்னி நீரூற்று' என்ற பெயரே வழங்குகிறது. மக்கள் அதன் அடியில் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறார்கள். நான் பிடிக்கவில்லை; தாகத்தோடே வீடு வந்தேன். அவளிடம் கல் வீடுகளைப் பற்றி மட்டும் சொன்னேன்.

ஜூன் 7, சனி

ஒன்றுமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நேரமணிக் கோபுரம். இந்த ஊர்ப் பேச்சில் சிட்கிளோகே. இதற்காகவே ஊரிலிருந்து லென்ஸைக் கொண்டுவந்தேன் என்று சொன்னால் மாப்பிள்ளை சிரிப்பார். கோபுரத்தின் உயரத்துக்கு லென்ஸ் எதற்கு உதவும்? ஆனால் கையில் இருந்தால் ஒரு தைரியம்.

ஒரு காலத்தில் நகரின் மேற்கு வாயிலாக இருந்து, பிறகு சிறையாக இருந்து, கடைசியில் கடிகாரமான கட்டடம் இது. இப்போதுள்ள இயந்திரத்தை 1530இல் காஸ்பர் ப்ரூனர் என்ற கொல்லர் முடித்தார். எடைக்கற்களால் ஓடுவது, இன்றும் ஓர் ஆள் ஏறிப் போய்க் கையால் சாவி கொடுக்கிறார் என்று கேட்டபோது எனக்கு அந்த ஆளின் மேல் பொறாமையாக இருந்தது. மணி நிறைவதற்கு நான்கு நிமிடம் இருக்கும்போதே வேடிக்கை தொடங்கிவிடுகிறது. முதலில் சேவல் கூவுகிறது. காற்றுத்துருத்தியின் குரல், கொஞ்சம் ஆஸ்துமா. கரடிகள் வட்டமாக ஊர்வலம் போகின்றன. மேலே சிவப்புச் சட்டைக் கோமாளி, நேரம் ஆகுமுன்பே, இரண்டு சிறு மணிகளை ஆட்டி அடித்துவிடுகிறான். கூட்டம் 'ஆயிற்று' என்று நினைத்துக் கைபேசியைத் தாழ்த்துகிறது. ஆகவில்லை. இன்னும் ஒருமுறை சேவல் கூவ வேண்டும், பிறகு குரோனோஸ் என்னும் காலக் கிழவர் கையிலுள்ள மணற்குடுவையைத் திருப்ப வேண்டும், அதன் பிறகே உச்சியில் நிற்கும் தங்க வண்ண மனிதன் சுத்தியலால் பெரிய மணியை அடிக்கிறான்.

கீழே இருக்கும் வானியல் முகப்பு எனக்கு அதிகம் பிடித்தது. சூரியனும் சந்திரனும் ராசிகளும் ஒரே தட்டில் சுழலும் அந்த முகப்பு, கோடையில் என் கைக்கடிகாரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பிந்திக் காட்டுகிறது. பழுது இல்லை. ஒரு மணி நேரம் கோடைக்கால நேரத்துக்காக. மீதி அரைமணி, இந்த ஊரின் தீர்க்கரேகைக்கு உரிய சூரியன் ஐரோப்பாவின் பொது நேரத்துக்குப் பின்தங்கி வருவதால். பன்னிரண்டரைக்கு முகப்பைப் பார்த்தேன்: பதினொன்று. என் இடக்கையில் பன்னிரண்டரை. சட்டைப்பையில் அம்மாவின் கடிகாரத்தில் நான்கு, சில நிமிடம் குறைய. மூன்றும் சரிதான் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். மருத்துவர்கள் போட்ட தேதியும் இப்படி ஏதோ ஒரு முகப்பில் சரியாக இருக்கக்கூடும்.

கோபுரத்திலிருந்து ஐம்பது அடி எடுத்து வைத்தால் அந்த நீரூற்று. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு டிராம் ஏறினேன்.

ஜூன் 9, திங்கள்

இன்று விடுமுறையாம், பெந்தகோஸ்து திங்கள். கடைகள் எல்லாம் அடைப்பு. பூண்டு தீர்ந்துவிட்டது. எதையும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்று அவளுடைய அம்மா இருந்திருந்தால் முந்தாநாளே சொல்லியிருப்பாள், சொன்னதோடு நில்லாமல் வாங்கியும் வைத்திருப்பாள்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்றிரவு இரண்டு மணிக்கு அவளுடைய அறையில் விளக்கு எரிந்தது. எழுந்து உட்கார்ந்து காலணியை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தாளாம். கோமாளி மணி.

பகலில் மூன்ஸ்டர் தேவாலயத்துக்குப் போனேன். 1421இல் தொடங்கிய வேலை. கோபுரத்தின் முனை 1893இல்தான் முடிந்தது. நூறு மீட்டர் உயரம். முந்நூறு படிகளுக்கு மேல் இருக்கிறது, முழங்கால் என்ன ஆகும் என்று சீட்டுக் கொடுத்த பெண் கண்ணாலேயே கேட்டாள். மலைக்கோட்டைப் படியில் ஏறி வளர்ந்த கால் என்று அவளுக்கு எந்த மொழியில் சொல்வது? ஏறினேன், நான்கு இடத்தில் நின்று.

மேலிருந்து பார்க்கும்போதுதான் இந்த ஊரின் வடிவம் புரிந்தது. ஆரே நதி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது, நடுவே நாக்கு நீட்டியதுபோல் ஊர். 1191இல் ட்ஸேரிங்கன் கோமகன் ஐந்தாம் பெர்டோல்ட் கோட்டை கட்ட இந்த இடத்தைத் தேர்ந்ததற்கு ஆறே அகழியாக அமைந்ததுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். உச்சிப்பிள்ளையார் கோயிலிலிருந்து வடக்கே பார்த்தால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சீரங்கம் தெரியுமே, அந்த நினைவு வந்து கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த நீர் மட்டும் பனிமலையிலிருந்து வருவதால் பச்சை, பால் கலந்த பச்சை.

கீழே தேவாலயத்தை ஒட்டிய மேடையின் சுவரில் ஒரு கல்வெட்டு. 1654 மே மாதம் ஒரு மாணவன் குதிரையோடு இந்தச் சுவரைத் தாண்டி அதலபாதாளத்தில் விழுந்தும் பிழைத்துக்கொண்டான், பிற்பாடு சமயப் போதகராகி நெடுநாள் வாழ்ந்தான். எட்டிப் பார்த்தேன், பிழைப்பதற்கான உயரமே இல்லை அது. இதை மறக்காமல் வீட்டில் சொன்னேன். "இதெல்லாம் எதற்கு அப்பா என்னிடம்?" என்றாள். மாப்பிள்ளைக்குப் புரிந்தது; இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

ஜூன் 11, புதன்

பரிசோதனைக்குப் போய் வந்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். அவசரம் இல்லையாம். 'அவசரம் இல்லை' என்ற சொல்லை இவர்கள் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

ஒரு காபிக்கு ஐந்து பிராங்க், ஐந்நூறு ரூபாய்க்கு மேல். கணக்குப் பார்க்காமல் குடிக்க வேண்டும் என்று மகளின் கட்டளை. கணக்குப் பார்க்காமல் குடித்தால் காபியும் சுமார்.

ஐன்ஸ்டைன் இருந்த வீடு கிராம்காஸே தெருவில் 49ஆம் எண், இரண்டாம் தளம், நேரமணிக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். 1903 முதல் 1905 வரை வாடகைக்கு இருந்தார். பகலில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை, மீதி நேரத்தில் இயற்பியலையே மாற்றிய கட்டுரைகள். சிறிய வீடு, செங்குத்தான மாடிப்படி. இங்கே இருந்தபோதுதான் 1904 மே மாதம் மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் பிறந்தான் என்று படித்ததும் மகிழ்ச்சியோடு கைபேசியில் படம் எடுத்தேன். அதோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். அவனுக்கு முன்பே, 1902இல், திருமணத்துக்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்ததையும், பெயர் லீசெர்ல் என்பதையும், 1903க்குப் பின் கடிதங்களில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, என்ன ஆயிற்று என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது என்பதையும் படித்துவிட்டேன். உலகத்தின் காலத்தைக் கணக்கிட்ட வீட்டில் ஒரு குழந்தையின் கணக்கு இல்லை. படத்தை அழித்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ரோஜாத் தோட்டம். மேட்டில் உட்கார்ந்தால் ஊர் முழுவதும் காலடியில். இரண்டு மணி நேரம் மனம் அடங்கி உட்கார்ந்திருந்தேன். இங்கு வந்தபின் இப்படி உட்கார்ந்தது முதல் முறை. இறங்கும் வழியில் பலகையைப் படித்தேன்: 1877 வரை இது இடுகாடு. வீட்டுக்கு வந்து வாசலிலிருந்து நேரே குளியலறைக்குப் போனேன். "என்ன அப்பா, மழையில் நனைந்தீர்களா?" ஆமாம் என்றேன். வெளியே நல்ல வெயில்.

முப்பத்தெட்டு வருடம் பல்சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் நம்பிய ஆள் நான். சகுனம் பார்க்கிறவர்களைக் கடையில் உட்கார வைத்துக் கேலி பேசியிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

மாப்பிள்ளையோடு ஐரோப்பா சதுக்கத்துக்குப் போனேன். அங்கே 2014 இறுதியில் திறந்த சமயங்களின் இல்லம் இருக்கிறது: ஒரே கட்டடத்தில் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த நிலையம், அலெவி என்னும் சமயப் பிரிவினரின் வழிபாட்டிடம், நம் சிவன் கோயில். ஞானலிங்கேச்சுரர். வழிபாடு தமிழில் நடக்கிறது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து உணவகங்களின் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கிய மக்கள் கட்டியெழுப்பியது என்று நினைத்துக்கொண்டே நின்றபோது, பக்கத்தில் நின்ற ஓர் அம்மா நான் கும்பிட்ட விதத்திலேயே ஏதோ கண்டுகொண்டு, "மகளுக்கோ? எத்தனையாம் மாதம்?" என்று கேட்டார். மாதம் முடிந்து பத்து நாள் என்றேன். "அப்ப இண்டைக்கோ நாளைக்கோ. தாய் கூட நிக்கிறாவோ?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. தன் கையிலிருந்த திருநீற்றில் பாதியைத் தாளில் மடித்து என்னிடம் கொடுத்தார்.

தாயுமானவர் கதை திருச்சிக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவிரியில் வெள்ளம், தாய் அக்கரையில், வலியெடுத்த பெண் இக்கரையில். இறைவனே தாயின் உருவத்தில் வந்து பேறு பார்த்தான், வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது வீட்டில் இரண்டு தாய். சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றும் வாழைத்தார் கட்டுவார்கள். இவள் பிறந்தபோது நான் கட்டினேன். இங்கே வாழைப்பழம் எடை போட்டு விற்கிறார்கள், தாராக எங்கும் பார்க்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். ஊரே ஆற்றில். அலுவலர், கிழவர், பள்ளிப் பிள்ளை, யாராக இருந்தாலும் துணியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு கரையோரம் மேல்நோக்கி நடந்து போய், ஆற்றில் குதித்து, இழுப்பு கொண்டுபோகும் போக்கில் மிதந்து வருகிறார்கள். இறங்க வேண்டிய இடத்தில் கரையில் சிவப்புக் கம்பி; அதை எட்டிப் பிடிக்க வேண்டும், தவறினால் அடுத்த கம்பி. ஓர் இளம்பெண் மூன்று கம்பிகளைத் தவறவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். எனக்கு நெஞ்சு அடைத்தது. நான்காவதைப் பிடித்தாள்.

ஜூன் 16, திங்கள்

நாளைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பெட்டியை மூன்றாம் முறை அடுக்குகிறாள். திருநீற்றுத் தாளை அதன் பக்கவாட்டு அறையில் வைத்தேன், பார்த்தாள், எடுக்கவில்லை. அம்மாவின் கடிகாரத்தையும் கேட்டாள். சாவி கொடுத்துக் கொடுத்தேன். வெளியே வந்து, போய்த் திரும்ப வாங்கிக்கொண்டேன். உள்ளே உலோகம் கூடாது என்றால் எங்கே வைப்பாள்?

ஜூன் 17, செவ்வாய்

போனார்கள். 'நீங்கள் வீட்டில் இருங்கள், ஆனதும் கூப்பிடுகிறோம்.' வீட்டில் இருக்க முடியவில்லை. பத்து மணிக்கு நகருக்குப் போய், இத்தனை நாள் முகத்தைத் திருப்பிய அந்த நீரூற்றின் முன் நேராக நின்றேன். அரக்கனுக்குப் பல விளக்கம் சொல்கிறார்கள்: ஆற்றில் விழாதிருக்கப் பிள்ளைகளை மிரட்ட வைத்தது என்றும், தன் பிள்ளைகளையே விழுங்கிய கிரேக்கக் குரோனோஸ் என்றும். ஐம்பது அடி தள்ளிக் கடிகாரத்தில் மணற்குடுவையோடு இருப்பவருக்கும் ஏறக்குறைய அதே பெயர்தான். எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பையில் போட்ட குழந்தைகளை எண்ணினேன், மறைவில் எத்தனை என்று தெரியாததால் இரண்டு முறை கணக்கு மாறியது. தாகம் தாங்கவில்லை; அவன் காலடியிலேயே இரண்டு கை நிறையத் தண்ணீர் குடித்தேன். நல்ல தண்ணீர், பல் கூசும் குளிர்.

இரவு 9.20. வெளியே இன்னும் வெளிச்சம். அழைப்பு இல்லை.

11.45. இல்லை.

ஜூன் 18, புதன்

கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. மருத்துவமனைக்கு எந்த டிராம் என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த தாள் சட்டைப்பையில் இல்லை, நேற்றைய சட்டையிலும் இல்லை, ஐந்து மணிக்கே டிராம் ஓடுமா என்று